ஜீப்பும் மேல் டிவிஷனும்

என் மாமியார் என்னோடு முதன்முதலாகப் பேசியது வயர்லெஸ்ஸில்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் அதுவரை அவர் என் எதிரில் நின்றது கிடையாது. நான் அவர் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் அடுப்படிக்குள் போய்விடுவார். தேத்தண்ணி வரும், சோறு வரும், கொண்டுவருவது என் மனைவியாக இருப்பாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் கேட்கும். அதுவும் என்னிடம் அல்ல, மகளிடம். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கச் சொல்லு" என்பார். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் என் காதில் அது நன்றாகவே விழும். இருந்தாலும் மகள் அதை மறுபடி ஒரு தடவை சொல்லும்வரை நான் காத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை முன்னால் மாமியார் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோதும் அப்படித்தானாம். கப்பலேறி இந்தியாவுக்கு வரும்போது சட்டி பானையை விட்டுவிட்டு வந்தவர்கள் இதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் குடும்பம் கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தது. எங்களிடமும் இந்தப் பழக்கம் இருந்ததுதான், ஆனால் என் காலத்துக்குள் தேய்ந்துவிட்டது. எனக்கோ பிறவியிலேயே பொறுமை கிடையாது. ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு ஒரு வார்த்தை வரவேண்டும். "நான் என்ன புலியா? உங்கம்மா எதுக்கு இப்படி ஓடறாங்க?" என்று மனைவியிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"புலின்னா அம்மா வெறகுக் கட்டைய எடுத்துக்கிட்டு முன்னால வந்திருப்பாங்க. மாப்பிள்ளைய என்ன பண்றது?" என்பாள் அவள்.

நான் அப்போது நெல்லியாளத்துக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். தேயிலை விழுந்த வருஷங்கள் அவை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள், விலை விழுந்தது என்று சொல்லமாட்டார்கள். ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடினால் அதிகம். பறிக்க ஆள் இல்லாத செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து காடாயின. ஆண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். லயங்களில், அந்த வரிசை வீடுகளில், பெண்களும் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். மானேஜர் போனார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. டாக்டர் போனார். கம்பவுண்டர் வந்தால் வந்தார், இல்லாவிட்டால் இல்லை. டெலிபோன் கம்பி ஒரு மழையில் மரம் விழுந்து அறுந்தது, அதைச் சேர்த்துக் கட்ட ஒருவரும் வரவில்லை. செல்போன் என்று ஒன்று ஊட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான்.

வயர்லெஸ் மட்டும் தங்கியது. நல்ல காலத்தில் கம்பெனி வாங்கிப் போட்டது. யானை இறங்கினால் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்குச் சொல்வதற்காக. ஃபேக்டரி ஆபீசில் ஒன்று, அதற்கு பேஸ் என்று பேர். என் ஜீப்பில் ஒன்று. மேல் டிவிஷனில், கையில் பிடித்துப் பேசுகிற சின்ன செட் ஒன்று. மேல் டிவிஷன் சூப்பர்வைசரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிறகு, அந்தச் செட்டை யாரிடம் கொடுப்பது என்று ஆபீசில் யோசித்தார்கள். பகல் முழுக்க ஓரிடத்தில் இருக்கிற ஆள் அங்கே ஒருவர்தான், பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறையை அப்படிச் சொல்வார்கள். அந்த ஆயாதான் என் மாமியார்.

சொல்லிக்கொடுக்க ஆபீஸ் கிளார்க் என் ஜீப்பில் ஏறி வந்தார். கோபிப் பக்கத்துக்காரர், எதையும் நிதானமாகச் சொல்வார். மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு, கிளார்க் சொல்வதைக் கேட்டுக்கொண்டார்.

"அழுத்திப் பேசோணுங்க. விட்டுட்டுக் கேக்கோணுங்க. ரெண்டும் ஒரே நேரத்துல ஆகாதுங்க. நீங்க அழுத்திப் புடிச்சிருக்கற வரைக்கும் வேற ஆரும் பேச முடியாது. பேசி முடிச்சா ஓவருன்னு சொல்லுங்க. அப்பத்தான் அந்தப் பக்கத்து ஆளுக்குத் தெரியும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மாமியார் கடைசியில் சொன்னதற்கு மட்டும் ஆட்டவில்லை. "அந்தப் பேச்சு என் வாயில வராதுங்க" என்றார்.

எஸ்டேட் பேச்சில் ஓவர் என்றால் முடிந்தது என்று அர்த்தம். வேலை போனால் வேலை ஓவர். ஆள் செத்தால் ஆள் ஓவர். அந்த வருஷம் திரும்பின பக்கமெல்லாம் காதில் விழுந்த வார்த்தை அது. என் மனைவி அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். "புள்ள உண்டாகியிருக்கிற நேரத்துல வாய்க்கு வாய் ஓவர் ஓவருன்னு சொல்ல ஏலாதுங்க" என்றார் மாமியார்.

"அப்ப வேற என்னதான் சொல்லுவீங்க?"

"வீட்ட விட்டு எறங்குறப்ப போறேன்னா சொல்றோம்? வரேன்னுதான சொல்றோம். அதையே சொல்றேன்."

கிளார்க் என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அது வழக்கமாகிவிட்டது. மாமியார் 'வரேன்' என்று முடிக்க, எதிரில் இருப்பவருக்கும் 'ஓவர்' என்று சொல்ல வாய் கூசும். ஒரு மாதத்துக்குள் கிளார்க்கே 'வரேன்' போட ஆரம்பித்தார். வெளியாள் யாராவது எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால், எல்லோரும் எங்கேயோ வந்துகொண்டே இருக்கிறார்கள், ஒருவரும் வந்து சேரவில்லை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவர் என்னை முதலில் கூப்பிட்டது ஒரு மழை நாளில். பாலத்தைத் தாண்டி வளைவில் ஏறிக்கொண்டிருந்தேன். செட்டில் ஒரு கரகரப்பு, பிறகு கதவுக்குப் பின்னால் மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் குரல். "ஜீப்பு எங்க இருக்கு? விளங்குதா? வரேன்."

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் நேரில் பேசியதாகிவிடும். தம்பி என்றால் உறவு முறை தப்பு. ஜீப்பிடம் பேசுவதில் என்ன குற்றம் இருக்கிறது? அவர் கண்டுபிடித்த வழியை நான் மெச்சிக்கொண்டேன். "ஜீப்பு பாலத்தைத் தாண்டிருச்சுங்க, மேல் டிவிஷன். வரேன்" என்றேன்.

அன்றிலிருந்து நான் ஜீப்பு, அவர் மேல் டிவிஷன். பேஸை அவர் 'பேசு' என்பார். "பேசு, பேசு" என்று கூப்பிட்டதும் கிளார்க் தன்னைத்தான் பேசச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு நேற்றைய கதையிலிருந்து ஆரம்பிப்பார். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க, மண்ணெண்ண வந்திருச்சா? வரேன்" என்பார். எங்கள் எஸ்டேட்டில் அரிசி வந்தது, பிள்ளைக்குக் காய்ச்சல், யானை தண்ணீர்த் தொட்டிக்கு வந்திருக்கிறது, திருப்பூரிலிருந்து இன்னார் வந்திருக்கிறார், எல்லாம் இந்த மூன்று பேர் வாய் வழியாகத்தான் போய் வந்தது.

மேல் டிவிஷனில் கரண்ட் அதன் இஷ்டத்துக்கு வரும். அதனால் கைசெட்டுக்கு இரண்டு பேட்டரி. ஒன்றை ஆபீசில் சார்ஜ் போட்டு நான் எடுத்துப் போவேன், தீர்ந்ததைக் கொண்டுவருவேன். கையில் வாங்கமாட்டார். பிள்ளைக்காம்பரா ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு நான் ஜீப் பக்கம் திரும்பி நிற்கவேண்டும். திரும்பிப் பார்த்தால் பழைய பேட்டரி அங்கே இருக்கும், பக்கத்தில் பேப்பரில் சுற்றிய தேங்காய் ரொட்டியும் மிளகாயை இடித்த கட்டச் சம்பலும். அந்தச் சம்பலின் காரத்தில் என் காது அடைத்துக்கொள்ளும். கண்ணில் தண்ணீர் வழிய ஜீப் ஓட்டிக்கொண்டு கீழே இறங்குவேன். பாதி வழியில் செட் கூப்பிடும். "ஜீப்புக்கு ஒறைச்சுச்சா? வரேன்."

"ஜீப்புக்குப் பழகிருச்சுங்க. வரேன்." பழகவே இல்லை.

நேரில் ஒரு வார்த்தை கிடையாது, செட்டில் நாளுக்கு நாள் பேச்சு கூடியது. வண்டி சத்தம் சரியில்லையே, இருமுகிறதா ஜீப்பு, வெந்நீர் குடிக்கட்டும் என்பார். எனக்கு அம்மா சின்ன வயதிலேயே இல்லை. அவருக்கும் ஒரே மகள்தான், மாமனார் காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தக் கரகரப்புக் குரலுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன் என்பதை மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்தே கொன்றிருப்பாள்.

வளைகாப்பு முடிந்து மனைவியைத் தலைப்பிரசவத்துக்கு மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். எனக்கு இஷ்டமில்லை. ஃபேக்டரிக்குப் பக்கத்தில் டிரைவர் குவார்ட்டர்ஸில் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் குறைவு. ஆனால் தாய் வீட்டுக்குப் போகாத தலைப்பிரசவம் உண்டா என்று எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள். மழை வலுக்கும் முன்னால், நாள் நெருங்கும்போது கூட்டிவந்து விடலாம் என்று பேசி வைத்தோம். மழையும் காத்திருக்கவில்லை, நாளும் காத்திருக்கவில்லை.

அன்று காலை டீசல் இருந்ததே பெரிய விஷயம். சார்ஜ் போட்ட பேட்டரியோடு கிளம்பினேன். பாலத்தைத் தாண்டியதும் முதல் வளைவில் மண் சரிந்து, ரோட்டை மூடி, ஒரு சில்வர் ஓக் மரமும் அதன்மேல் குறுக்கே கிடந்தது. ஜீப்பைப் பின்னால் எடுத்துப் பாலத்து ஓரத்தில் நிறுத்தினேன். மழையில் எதிரில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அப்போதுதான் செட் கூப்பிட்டது.

"ஜீப்பு எங்க இருக்கு? வரேன்." குரல் மெலிந்து கேட்டது. மேலே பேட்டரி தீரப்போகிறது என்று புரிந்தது.

"பாலத்துல நிக்குதுங்க. மொத வளைவுல மண்ணு சரிஞ்சிருச்சு, ஜீப்பு மேல ஏறாதுங்க. வரேன்."

"மகளுக்கு வலி கண்டிருச்சு. ஜீப்பு அங்கனயே நிக்கட்டும். வரேன்."

"சரிங்க. வரேன்" என்றேன். அதோடு மேலே செட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

நடந்த கோளாறை இப்போது நினைத்தாலும் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஜீப்பு அங்கேயே நிற்கட்டும் என்று அவர் சொன்னது என்னைத்தான். நான் வண்டியை என்று எடுத்துக்கொண்டேன். வரேன் என்று அவர் சொன்னது நிஜமாகவே வருகிறேன் என்று. நான் அதைப் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நான் சொன்ன 'வரேன்', நடந்தே மேலே வருகிறேன் என்கிற வரேன். அவர் அதை வெறும் முடிவு வார்த்தையாக எடுத்துக்கொண்டார். வேறு எந்த எஸ்டேட்டில், எந்த மாமியாருக்கும் மருமகனுக்கும் இது நடக்கும்?

ஜீப்பைப் பூட்டாமல் விட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கை பழக்கத்தில் அந்தப் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு மண் சரிவின் மேல் ஏறினேன். மேல் டிவிஷனுக்குப் பாலத்துப் பக்கமிருந்து தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை உண்டு. செங்குத்து, மழையில் வழுக்கும். வயிற்றுப் பிள்ளைக்காரியை நடத்திக் கூட்டிவர ரோடுதான் சரி என்று ரோட்டிலேயே போனேன். அதே நேரத்தில், கொழுந்து பறிக்கிற பெண்கள் என் மனைவியைக் கம்பளியில் படுக்கவைத்து, ஒரு கம்பில் தூளி மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். தூக்க ஆண்கள் இல்லை, அத்தனை பேரும் திருப்பூரில். நாங்கள் ஒருவரையொருவர் தாண்டிப் போயிருக்கிறோம். மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை, மழையில் ஒன்றும் கேட்கவில்லை.

நான் மூச்சிரைக்கப் பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைந்தபோது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்ட ஒரு பெண் மட்டும் இருந்தாள். அவள் என்னைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நீங்க ஏண்ணே இங்க வந்தீங்க? எல்லாரும் ஜீப்பத் தேடி கீழ போயிட்டாங்களே."

செட் ஜன்னல் திட்டிலேயே கிடந்தது. பேட்டரியை மாற்றினேன். போட்ட உடனே குரல் வந்தது.

"ஜீப்பு, ஜீப்பு. எங்க இருக்கு ஜீப்பு? வரேன்."

என் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, என் ஜீப் செட்டிலிருந்து, என் மாமியார் ஜீப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் செட் நேராக வண்டி பேட்டரியில் இணைத்தது, சாவி இல்லாமலும் பேசும்.

"மேல் டிவிஷன்ல இருக்கறனுங்க. வரேன்."

"ஏனுங்க, இப்ப ஆரு ஜீப்பு, ஆரு மேல் டிவிஷன்? எனக்கு ஒண்ணும் புரியலீங்களே. வரேன்" என்று நடுவில் பேஸ்.

"பேசு, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க" என்றார் மாமியார். பிறகு, இந்த உலகத்தில் முதல் தடவையாக, என்னையே நீங்கள் என்று சொல்லிக் கேட்டார். "அங்க என்னங்க செய்றீங்க? இவளுக்குத் தண்ணி ஒடஞ்சிருச்சு. வண்டிச் சாவி எங்க?"

"என்ர சேப்புலீங்க."

பிறகு, "தல தெரியுது. ஓடியாங்க" என்றார்.

செட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடினேன். இந்த முறை குறுக்குப் பாதையில். பாதி தூரம் காலால் இறங்கினேன், மீதித் தூரம் வழுக்கியே போனேன். கொஞ்ச தூரம் போனதும் செட்டில் என் மனைவியின் மூச்சு கேட்டது. வலியில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்திருக்கிறாள், அகப்பட்டது வயர்லெஸ் மைக். பிடித்த பிடியில் பட்டனும் அழுந்திவிட்டது. அவள் விடும்வரை அங்கே நடப்பதெல்லாம் எனக்குக் கேட்கும், நான் சொல்வது ஒன்றும் அங்கே கேட்காது. வந்துவிட்டேன், இதோ வந்துவிட்டேன் என்று செட்டுக்குள் கத்திப் பார்த்தேன். யாருக்கும் போகவில்லை. எதிலும் பொறுமை இல்லாதவனுக்குக் கேட்டுக்கொண்டு மட்டும் இரு என்று தண்டனை கிடைத்தது. அந்த இறக்கத்தில் நான் பட்ட பயத்தை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

"எங்கம்மா அந்த மனுசன்?" என்று மனைவி கேட்டாள். "பொண்டாட்டிக்கு வலி வந்தா, சாவிய சேப்புல போட்டுக்கிட்டு மலை ஏறிப் போவாங்களா யாராவது? அறிவு இருக்கா அதுக்கு?"

"ஏசாத. மூச்ச அடக்காத, விடு."

"ஏசுவேன். நானாத் தேடிக் கட்டிக்கிட்டேன் பாருங்க, எனக்கு வேணும்."

பிறகு அவள் அலறினாள். நான் ஒரு தேயிலைத் தூரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அலறல் அடங்கியபோது மாமியாரின் குரல் கேட்டது. கோபமாக இருந்தது. அவர் கோபப்பட்டு நான் கேட்டதே இல்லை.

"நீ தேடுன, சரி. கெடைச்சது எனக்குத்தான். எனக்கு ஒரு ஆம்பளப் புள்ள இருந்திருந்தா இப்பிடித்தான் ஒனக்காக மழையில மலை ஏறியிருக்கும். அது எம் மகன். எம் மகன இன்னொரு தரம் ஏசுன, பாத்துக்க. இப்ப முக்கு. நல்லா முக்கு."

மனைவி பெரிதாக ஒரு சத்தம் போட்டாள். உடனே செட் ஊமையாகிவிட்டது.

பட்டனை விட்டுவிட்டாள் என்று தெரிந்தது. ஏன் விட்டாள் என்று தெரியவில்லை. குழந்தை அழுகிற சத்தம் ஒன்றும் நான் கேட்கவில்லை. "ஜீப்பு, ஜீப்பு" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. "அத்தை" என்று கூப்பிட்டேன், அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கும் பதில் இல்லை. கடைசியில் பேஸ் வந்தது.

"நானும் கேட்டுட்டுத்தானுங்க இருக்கறேன். அழுத சத்தம் ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க ஓடுங்க."

எல்லாச் சாமிகளையும் திட்டிக்கொண்டே ஓடினேன். கும்பிடத் தோன்றவில்லை, திட்டத்தான் வந்தது. பாலம் தெரிந்தது. ஜீப்பைச் சுற்றிப் பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். கம்பளிகளை விரித்து மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. மைக் ஜீப்பின் கதவுக்கு வெளியே கம்பியில் தொங்கி, சேற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கம்பளி பிடித்திருந்த ஒரு மலையாளத்துப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். "பெண்குட்டியாணு" என்றாள், சிரித்துக்கொண்டு. "இப்போ உறங்கி."

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறந்ததும் கொஞ்சமாக அழுதுவிட்டுத் தூங்கிவிட்டதாம். எல்லோர் கையும் அம்மாவிடமும் பிள்ளையிடமும் இருக்கும்போது, தொங்குகிற மைக்கை யார் பார்ப்பார்கள்? கம்பளி விலகியது. மாமியார் இறங்கி வந்தார். தலையில் முந்தானை இல்லை, அது குழந்தையின் மேல் சுற்றியிருந்தது. நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"ஒக்காந்தது போதும், எந்திரிங்க. நஞ்சுக்கொடியும் விழுந்திருச்சு, ஆனாலும் ஆசுபத்திரி பாக்கணும். ரத்தம் கொஞ்சம் கூடப் போகுது."

எழுந்தேன். சாவியைப் போட்டால் அது துவாரத்துக்குள் போகவில்லை. பின்னாலிருந்து மனைவி, "அய்யோ, இப்பவாவது எடுங்களேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் சாவி உள்ளே போனது. கம்பெனி அந்த மாதத்துக்கு வைத்திருந்த டீசலெல்லாம் அன்று அந்த ரோட்டில் எரிந்தது என்று நினைக்கிறேன். மனைவி தூங்கக்கூடாது என்று மாமியார் வழியெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் நான், மறுமுனையில் மாமியார், மடியில் குழந்தை. இருவரும் தலையிலிருந்து கால்வரை சேறு. அவர் யாரிடமோ ஒரு துண்டு வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கதவுக்குப் பின்னால் போக அங்கே வழியில்லை. ரொம்ப நேரம் கழித்து, ஒரு சிஸ்டர் எட்டிப் பார்த்து, ரத்தம் நின்றுவிட்டது, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "செட்டு கையில இருந்துச்சா, எறங்கி வரப்போ?"

"இருந்துச்சுங்க."

"நாங்க பேசுனது?"

"கேட்டுச்சுங்க."

"எல்லாமா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வரவில்லை. "எல்லாமே கேட்டுச்சுங்க அத்தை."

அவர் முகம் துண்டுக்குள் போய்விட்டது. இனிமேல் சாகிறவரை என் பக்கம் திரும்பமாட்டார் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் துண்டு விலகியது. பெஞ்சிலேயே நகர்ந்து என் பக்கத்தில் வந்தார். குழந்தையை என் மடியில் வைத்தார்.

"கேட்டா கேக்கட்டும். இல்லாததையா சொன்னேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாகத்தான் அழுதேன். குழந்தை விழித்துக்கொண்டு, முதல் தடவையாக என் காதுக்கே கேட்கிற மாதிரி, என்னோடு சேர்ந்து அழுதது. சிஸ்டர் ஓடிவந்து, "என்னாச்சு? கையெழுத்துப் போடணும், இவங்க வீட்டு ஆம்பளை ஆள் யாரு?" என்று கேட்டார்.

"எம் மகன்தான் சிஸ்டர்" என்றார் அத்தை. "கொஞ்சம் பொறுங்க. அழுது முடிக்கட்டும்."